போர்வையைச் சுத்தம் செய்யுங்கள், கம்ப்யூட்டர் பிழைக்கும்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வைரஸுக்குப் பயப்படுகிற அளவுக்குத் தூசிக்குப் பயப்படுவதில்லை. வீட்டில் நாய் அல்லது பூனை இருந்தால் தூசியோடு முடியும் சேர்ந்துகொள்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துக் கிராமங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது வைக்கோல் தூசியும் பதரும் வீட்டுக்குள் பறந்து வரும். வைக்கோல் போரில் படுத்திருந்த பூனை நேராக உங்கள் போர்வையில் வந்து படுக்கும். அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு அதிக தூரம் இல்லை.

முடி என்ன செய்யும்?

கேபினட்டில் உள்ள மின்விசிறிகள் அறையின் காற்றை உள்ளே இழுத்து, சூட்டை வெளியே தள்ளுகின்றன. காற்றோடு வரும் முடி, ப்ராசஸரின் மேல் உள்ள ஹீட் சிங்க் தகடுகளுக்கு இடையில் சிக்கிக்கொள்ளும். அது வலை போலக் குறுக்கே கிடந்து, பின்னால் வரும் தூசியையும் பிடித்து வைக்கும். நாளடைவில் கம்பளித் துண்டு போல ஒரு படலம் உருவாகிவிடும். சூடு வெளியேற வழி இருக்காது.

சூடு அதிகமானால் ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் தணியாவிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடும். சேமிக்காத வேலை போய்விடும். அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த பைல் கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. அது உங்கள் வீட்டுக் கல்யாண போட்டோவாகவும் இருக்கலாம்.

காரணம் தூசியா, சாஃப்ட்வேரா?

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 90, 100 என்று நீடித்தால் ஏதோ ஒரு புரோகிராம் அதிகமாக வேலை வாங்குகிறது. சதவீதம் குறைவாக இருந்தும் மின்விசிறி ஓயாமல் இரைந்தால், முதலில் தூசியையும் முடியையும் சந்தேகியுங்கள்.

முதலில் துணி

கேபினட்டை எத்தனை முறை சுத்தம் செய்தாலும், போர்வை, ஜமக்காளம், சோபா உறை, மானிட்டர் மேல் போடும் துணி ஆகியவற்றில் முடி இருக்கும்வரை பலன் இல்லை. அது திரும்பத் திரும்ப உள்ளே போகும். எனவே துணியிலிருந்து தொடங்குங்கள்.

1. நாயையும் பூனையையும் வாசலிலோ கொல்லையிலோ வைத்துச் சீவி விடுங்கள். சீப்பில் வரும் முடி துணிக்கு வராது.

2. துணியை அறைக்குள் உதறாதீர்கள். வெளியே கொடியில் போட்டுக் குச்சியால் தட்டுங்கள்.

3. ரப்பர் கையுறையை லேசாக ஈரப்படுத்தி, துணியின் மேல் ஒரே திசையில் தேயுங்கள். முடி உருண்டு திரண்டு வரும். நைலான், பாலியஸ்டர் போர்வைகளில் உராய்வினால் நிலை மின்சாரம் உண்டாகி முடியை இழுத்துப் பிடிக்கிறது. ஈரம் அதைப் போக்கிவிடும். பருத்தி ஜமக்காளத்தில் முடி இழைகளுக்குள் நுழைந்திருக்கும். அங்கே ரப்பரின் பிடிப்புதான் உதவும்.

4. மீதியை அகலமான செல்லோ டேப்பால் ஒற்றி எடுங்கள். பட்டுத் துணியில் டேப் ஒட்ட வேண்டாம், இழை பிரிந்துவிடும். மென்மையான பிரஷ் போதும்.

5. இதற்குப் பிறகுதான் துவைக்க வேண்டும். முடியோடு வாஷிங் மெஷினில் போட்டால் அது நனைந்து திரண்டு பில்டரை அடைக்கும். துவைத்து முடித்ததும் பில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

6. நல்ல வெயிலில் காய வையுங்கள். காய்ந்ததும் வெளியிலேயே ஒரு முறை உதறுங்கள்.

பிறகு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உங்கள் உடலில் உள்ள நிலை மின்சாரம் இறங்கிவிடும். மென்மையான, காய்ந்த பிரஷ்ஷால் முடியை எடுங்கள். ப்ளோயர் பயன்படுத்தினால் மின்விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழல விட்டால் அது பழுதாகலாம். ஈரத் துணியை உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கேபினட்டைத் திறக்கும் முன் விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீபோர்டைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து மெதுவாகத் தட்டுங்கள். திரையில் அம்புக்குறி தானாகத் துள்ளினால் மவுஸின் அடியில் உள்ள துளையைப் பாருங்கள். ஒற்றை முடி சிக்கியிருந்தாலும் அப்படி ஆகும்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

பல லேப்டாப்களுக்குக் காற்று அடிப்பக்கத்திலிருந்து செல்கிறது. போர்வை மேல் வைத்தால் காற்று வழி அடைபடும், அதிலுள்ள முடியும் உள்ளே இழுக்கப்படும். அடியில் ஒரு பலகை அல்லது பரீட்சை அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் ஓடும்போது அதன் மேல் துணி போட்டு மூடாதீர்கள். அணைத்து, சூடு ஆறிய பிறகு மூடலாம். அந்தத் துணியையும் வாரம் ஒரு முறை துவையுங்கள். குறுவை அறுவடை முடிந்ததும் ஒரு முறை, சம்பா முடிந்ததும் ஒரு முறை கேபினட்டைச் சுத்தம் செய்தால் போதும். ஒரு பிரஷ்ஷும் ரப்பர் கையுறையும் வாங்க ஆகும் செலவு மிகக் குறைவு. மதர்போர்டு மாற்ற நேர்ந்தால் ஆயிரக்கணக்கில் ஆகும்.