பாடம் 9: நீர் ஓடும் கணினி

கணினி இயங்கும்போது அதன் செயலி சூடேறும். சூடு மிகுந்தால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேலும் மிகுந்தால் கணினி நின்றுவிடும். பெரும்பாலான கணினிகளில் மின்விசிறியே சூட்டை வெளியேற்றுகிறது. கடும்பணி செய்யும் கணினிகளில் நீர் துணைக்கு வருகிறது. சம எடையுள்ள காற்றைவிட நீர் ஏறத்தாழ 4 மடங்கு வெப்பத்தை ஏற்கும் தன்மையது.

செயலியின்மேல் ஒரு செப்புக் கட்டி பொருத்தப்படும். அதனுள் நுழையும் நீர் வெப்பத்தைப் பெற்று ரேடியேட்டருக்குச் செல்லும். அங்கே விசிறிக் காற்றில் ஆறும். பம்ப் அந்நீரை மீண்டும் செயலிக்கு அனுப்பும்.

செம்பூரில் வாழும் ஓர் இளைஞர், மும்பை லேமிங்டன் சாலையில் உதிரிப்பொருள்கள் வாங்கித் தாமே கணினி அமைப்பதாகக் கொள்க. மென்குழாயைப் பொருத்துவது எளிது. அக்ரிலிக் குழாயோ கண்ணாடிபோல் தெளிவானது, விறைப்பானது. குளிர்விப்பதில் இரண்டிற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அழகுக்காகவே அக்ரிலிக்கைத் தேர்ந்தெடுப்பர். அவ்வழகுக்குப் பொறுமையே விலை.

குழாயினுள் சிலிகான் கயிற்றைச் செருகி, வெப்பக்காற்றில் சுழற்றிச் சூடாக்கி வளைக்க வேண்டும். கயிறு இல்லையெனில் வளைவு நசுங்கும். சூடு மிகுந்தால் குமிழிகள் தோன்றும். குறைந்தால் குழாய் உடையும். அறுத்த முனையை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இல்லையேல் அதன் கூர்மை இணைப்பிலுள்ள ரப்பர் வளையத்தைக் கீறும், நீர் கசியும். ஆல்கஹாலால் துடைத்தால் அக்ரிலிக்கில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகும்.

தாய்ப்பலகையில் கசிவு நீர் விழுந்தால் பல மாதச் சேமிப்பு வீணாகலாம். ஆதலால் பிற உறுப்புகளுக்கு மின்சாரம் தராமல், பம்பை மட்டும் பல மணி நேரம் ஓடவிடுவர். இணைப்புகளின்கீழ்த் தாள் விரித்துவைப்பர். தாள் உலர்ந்திருந்த பின்னரே கணினியை இயக்குவர்.

பெருங்கணினிகளிலும் நீர்மக் குளிர்விப்பு உண்டு. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் தொடங்கப்பட்ட மீக்கணினி அவ்வகையது. நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்கீடுகள் செய்யும் திறனுடைய அதன் பெயர் 'பரம் பொருள்'. அதிலுள்ள 'பொருள்' என்பது தமிழ்ச் சொல்லே.

சொற்பொருள்
செயலி – கணினியில் கணக்கீடு செய்யும் உறுப்பு
தாய்ப்பலகை – கணினி உறுப்புகளை இணைக்கும் மின்பலகை
மீக்கணினி – மிகுதிறன் கணினி
விறைப்பு – எளிதில் வளையாத தன்மை

பயிற்சி
1. குழாயினுள் சிலிகான் கயிற்றைச் செருகுவது ஏன்?
2. கசிவுச் சோதனையின்போது பம்பை மட்டும் இயக்குவதன் காரணம் யாது?
3. பிரித்து எழுதுக: மென்குழாய், அவ்வழகு, அந்நீர்.
4. 'பொருள்' என்னும் சொல்லைச் செல்வம், அர்த்தம், பண்டம் ஆகிய மூன்று நிலைகளில் அமைத்துத் தொடர் எழுதுக.
5. "அவ்வழகுக்குப் பொறுமையே விலை." இத்தொடருக்குப் பொருந்தும் வேறொரு தொழிலை உம் தெருவில் கண்டு ஐந்து வரிகளில் எழுதுக.