பச்சைக் கொழுந்தின் விலையும் அரசாங்கத்தின் கடமையும்

மலைநாட்டுத் தேயிலைச் செய்கையாளர்க்கும் தோட்டத் தொழிலாளர்க்கும் உரிய பாடம்

தேயிலைச் செடி செழித்து வளர்வதற்கு மண்ணும் மழையும் உரமும் காலந் தவறாத கவ்வாத்தும் வேண்டும் என்பதை நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளில் வாழும் மக்களுக்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை. அவர்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் கைகளால் அறிந்தவர்கள். ஆனால், கொழுந்து கூடையை விட்டு நீங்கிய பின்னர் அதற்கு யார் விலை வைக்கிறார்கள், அவ்விலை எவ்வாறு கணிக்கப்படுகின்றது, அதில் அரசாங்கத்தின் பங்கு யாது என்பவற்றை நம்மிற் பலர் அறியார். நல்ல செய்கை பாதி வருமானத்தையே தரும். மற்றப் பாதியைத் தருவது நேர்மையான ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைப் பற்றி இப்பாடத்தில் நோக்குவோம்.

1. கொழுந்து காத்திராது

நெல்லை விளைவித்தவர் விலை போதாதெனக் கண்டால் அதனைக் கட்டி வைக்கலாம். உருளைக்கிழங்கை விளைவித்தவரும் சில வாரங்கள் பொறுத்திருக்கலாம். பச்சைக் கொழுந்தை அவ்வாறு வைத்திருத்தல் இயலாது. பறித்த அன்றே அது ஆலையைச் சேர்தல் வேண்டும். சேராவிடின் சூடேறிச் சிவந்து பழுதாகிவிடும். கொழுந்து கொண்டுசெல்லக்கூடிய தூரத்தில் ஓர் ஆலையோ இரண்டோ மட்டும் இருக்கும். ஆகவே, விற்பவர் அவசரத்திலும் வாங்குபவர் அமைதியிலும் இருக்கின்றனர். இத்தகைய இடத்தில் "விலையை இருவரும் பேசித் தீர்த்துக்கொள்க" என்று விட்டுவிட்டால், பேச்சு ஒருபக்கமாகவே முடியும்.

உழைப்பும் கொழுந்தைப் போன்றதே. இன்று விற்கப்படாத ஒரு நாள் உழைப்பை நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. வீடு, தொழில், வைத்தியம், பிள்ளைப் பராமரிப்பு ஆகிய யாவும் ஒரே தோட்டத்தின் கையில் இருக்கும்போது தொழிலாளியின் பேரம்பேசும் வலு மேலுங் குறைகின்றது. தராசின் இரு தட்டுகளும் சமமாக இல்லாத இடத்திலேதான் அரசாங்கத்தின் கடமை தொடங்குகின்றது.

2. சட்டம் வந்த வழி

ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் தேயிலையை நாட்டினார். கோப்பிச் செடியை இலைநோய் 1869 முதல் அழிக்கத் தொடங்கவே, மலைநாடு முழுவதும் தேயிலை பரவியது. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் மூலம் அழைத்துவரப்பட்ட தொழிலாளர் வழிச்செலவுக் கடனுடனேயே மலையேறினர். அவர்கள் பட்ட கடனைக் குறித்து எழுதப்படும் சீட்டு "துண்டு" எனப்பட்டது. அக்கடனைத் தீர்ப்பவரே ஆட்களைப் பெறலாம் என்பது அதன் பொருள். தொழிலாளியின் கையில் வரவேண்டிய கூலி, அவர் காணாத கணக்கிற் கழிந்துகொண்டிருந்தது.

இந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. 1927இல் இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை விதிக்கும் சட்டம் பிறந்தது. 1939இல் மகப்பேற்று உதவிச் சட்டமும், 1941இல் சம்பளச் சபைகள் சட்டமும், 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் வந்தன. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இலேதான் கிடைத்தது. கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலார் பெண்களாக இருந்தும், அந்த நீதி கிட்ட ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது என்பதை மறத்தலாகாது. தொழிலாளர் ஒன்றுகூடிக் கேட்டதனாலேயே அரசாங்கம் செய்தது. அரசாங்கம் சட்டமாக்கியதனாலேயே கேட்டது நிலைத்தது. இவ்விரண்டில் ஒன்று மட்டும் போதாது.

3. கொழுந்து விலை எவ்வாறு கணிக்கப்படுகின்றது?

1957ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், வெளியாரிடம் கொழுந்து வாங்கும் ஆலை தான் விரும்பிய விலையைக் கொடுத்தல் இயலாது. கொழும்பு ஏலத்தில் அத்தேயிலை பெறும் தேறிய விலையின் சராசரியை அடிப்படையாகக் கொண்டு நியாய விலை கணிக்கப்படும். அத்தொகையில் நூற்றுக்கு 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கும், 32 பங்கு ஆலைக்கும் உரியன என்பதே வழங்கிவரும் சூத்திரம்.

இதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். கணக்கு இலகுவாதற்பொருட்டு முழு எண்களையே கொள்வோம். ஒரு கிலோ தேயிலையின் தேறிய விலை 1,000 ரூபா என்க. அதில் 68 பங்கு 680 ரூபா. ஒரு கிலோ தேயிலை செய்வதற்கு 5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் எனின், ஒரு கிலோ கொழுந்தின் விலை 136 ரூபா ஆகும்.

இனி, ஒருவர் மாதத்தில் நான்கு சுற்றுப் பறித்து, சுற்றுக்கு 40 கிலோவாக 160 கிலோ கொழுந்து கொடுக்கிறார் என்க. அவருக்குரியது 21,760 ரூபா. தராசடியில் "ஈரத்திற்கும் பைக்கும்" என்று நூற்றுக்குப் பத்து வெட்டினால் 16 கிலோ போய்விடும். அதன் விலை 2,176 ரூபா. பன்னிரண்டு மாதத்தில் அது 26,112 ரூபாவாகப் பெருகும். பிள்ளைகளின் கொப்பி, பை, சப்பாத்து யாவும் அத்தொகைக்குள் அடங்கிவிடும். சூத்திரம் நியாயமானதாக இருப்பினும் தராசு நியாயமாக இல்லாவிட்டால் பயன் இல்லை என்பது இதனால் விளங்கும்.

ஆலையின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. மழை நீர் சொட்டும் கொழுந்தையும் முற்றிய இலையையும் உலர் கொழுந்தின் விலைக்கு வாங்கினால் ஆலை நட்டப்படும். தேயிலையின் தரமும் கெடும். ஏல விலை விழுந்தால் 68 பங்கும் சேர்ந்தே விழும். ஆகவே, மொட்டும் இரு இலையுமாகப் பறித்தல், உரப் பைகளில் அமுக்கித் திணியாது காற்றோட்டமுள்ள பையில் அல்லது கூடையில் இடுதல், வெயில் படாமல் நிழலில் வைத்தல் ஆகியன செய்கையாளரின் கடமைகளாம். வெட்டு ஏன் என்று கேட்கும் உரிமை நல்ல கொழுந்து கொடுப்பவருக்கே வலுவாக அமையும்.

4. தனியொருவர் தாங்கமாட்டாத செலவு

மலைகளில் இன்றும் நிற்கும் பழைய விதைத் தேயிலை, பாட்டன் காலத்தில் நாட்டப்பட்டது. அதைப் பிடுங்கி, மண்ணை வளப்படுத்த மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வளர்த்து, பின்னர் தவறணையில் வளர்த்த வெட்டுத்தண்டுக் கன்றுகளை நாட்டி, அவை பறிப்புக்கு வருமட்டும் காத்திருந்தால், ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அந்நிலம் வருமானந் தராது. அரை ஏக்கர் உடையவர் ஐந்து ஆண்டுகள் எதை உண்பார்? இலாபம் உறுதியெனத் தெரிந்தும் ஏழை அதைச் செய்யமாட்டாமைக்குக் காரணம் அறியாமை அன்று. காத்திருக்கக் கையில் முதல் இன்மையே.

இதனை உணர்ந்தே மீள்நடுகைக்கு மானியம் கொடுக்கும் முறை ஏற்பட்டது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்டு, வெட்டுத்தண்டு வகைகளைத் தேர்ந்து கொடுத்தது. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேயிலைச் சிறு தோட்ட அபிவிருத்தி அதிகார சபை அமைக்கப்பட்டது. மானியம், கன்று, போதனை, விலைச் சூத்திரம் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தன. அதன் விளைவு யாது? இன்று இலங்கைத் தேயிலையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட பங்கைச் சிறு தோட்டக்காரரே விளைவிக்கின்றனர். அவர்களிற் பெரும்பாலார் காலி, மாத்தறை, இரத்தினபுரி முதலிய தாழ்நிலப் பகுதியினர்.

தேயிலைக்குப் பெயர்பெற்ற நுவரெலியா மாவட்டத்திலோ தேயிலை நிலத்தின் பெரும்பகுதி தோட்டங்களாகவே உள்ளது. செடியை நன்கறிந்தவர் இங்குளர். செடி நிற்கும் நிலமோ அவர்க்கு உரியதன்று. உதவி நிலம் உடையவரைத் தேடிச் செல்லும்படி அமைக்கப்பட்டதால், நிலம் அற்றவரின் வாயிலை அது அணுகவில்லை. பொது உதவி எதுவாயினும், "யாரை இது சென்றடையும்? யாரைத் தாண்டிச் செல்லும்?" என்று முதலிற் கேட்டல் வேண்டும்.

5. அரசாங்கமும் தவறக்கூடும்

அரசாங்கம் தலையிடுவது எப்பொழுதும் நன்மையே தரும் எனக் கூறுவது பாடம் ஆகாது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழ் மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் நிலை 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஒழுங்காயிற்று. வாக்கு இல்லாதவரின் பசி சபையில் ஒலிப்பதில்லை. 1974ஆம் ஆண்டு உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டப் பகுதிகளில் மரண வீதம் உயர்ந்தமை அதற்குச் சான்று.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமை ஆக்கியது. ஆயினும், அங்கு உழைத்தவர்க்கு நிலம் கிடைக்கவில்லை. துரை மாறினார், லயம் மாறவில்லை. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துள் வாழ்வோர்க்குப் பிரதேச சபை தன் நிதியிலிருந்து பாதையோ குடிநீரோ வழங்கத் தடையாக இருந்தது. அது 2018இலேயே திருத்தப்பட்டது.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டும் ஒன்றுண்டு. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிற் தடை நீக்கப்பட்டபோதிலும், உரம் காணாத செடி உடனே தேறவில்லை. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. மண்ணைக் காக்கும் நோக்கம் குற்றமன்று. சேதனப் பசளை மண்ணுக்கு நன்மையே. ஆனால், செடியை ஒரே நாளில் வேறு உணவுக்குப் பழக்க முடியாது என்பதை எந்தச் சிறு தோட்டக்காரரும் கூறியிருப்பார். கேளாமற் செய்த நன்மை தீமையாய் முடிந்தது.

6. இன்று நம்முன் உள்ள கேள்வி

2021 மார்ச்சில் சம்பளச் சபையினூடாகத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. இதற்கிடையே, சில தோட்டங்கள் செடிகளைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பகிர்ந்து கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு எனக் கொழுந்தை வாங்கும் முறையைக் கைக்கொண்டு வருகின்றன. அக்கறையோடு பராமரிப்பவருக்கு இம்முறை அதிக வருமானம் தரக்கூடும். நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளவும் இடமுண்டு.

எனினும், ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நாட்சம்பளம் பெறுபவருக்குச் சம்பளச் சபையின் காவல் உண்டு. சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8ம் முதலாளி 12ம் செலுத்துதல் உண்டு. சொந்த நிலம் உடைய சிறு தோட்டக்காரருக்கு 68 பங்குச் சூத்திரத்தின் காவல் உண்டு. பங்குச் செடி பெற்றவர் இவ்விரு வரப்புகளுக்கும் நடுவே நின்று இரண்டையும் இழந்துவிடலாகாது. ஆகவே, இம்முறையில் சேருமுன் பின்வருவனவற்றை எழுத்திற் பெற்றுக்கொள்க:

(அ) எத்தனை செடி, எந்த மலை, எத்தனை ஆண்டுகளுக்கு?
(ஆ) கொழுந்து விலை எந்தக் கணக்கின்படி, எந்த நாளில் வழங்கப்படும்?
(இ) உரம், மருந்து, கவ்வாத்துச் செலவு யாருடையது? அது எவ்வாறு கழிக்கப்படும்?
(ஈ) சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, மகப்பேற்று உதவி ஆகியன தொடருமா?
(உ) மழையின்றிக் கொழுந்து குறையும் மாதங்களில் நாட்சம்பள வேலை கிடைக்குமா?
(ஊ) லயத்து வீட்டில் இருக்கும் உரிமைக்கு இதனால் ஏதேனும் மாற்றம் உண்டா?

ஒவ்வொரு நாளும் நிறுத்த நிறையையும் வெட்டிய நிறையையும் ஒரு கொப்பியிற் குறித்து வருக. எழுதத் தெரியாதவர் பாடசாலை செல்லும் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். பக்கத்துச் செடிக்காரரின் கொப்பியோடு மாதமுடிவில் ஒப்பிடுக. ஒருவர் கேட்டால் அது முறைப்பாடு. இருபது பேர் கொப்பியுடன் கேட்டால் அது கணக்கு. துண்டு முறையின் காலத்தில் கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருந்தது. அந்நிலை மீளாதிருக்கச் சட்டமும் வேண்டும், கொப்பியும் வேண்டும்.

மன்றங்களிலும் முதியோர் வகுப்புகளிலும் கலந்துரையாடுதற்குரிய வினாக்கள்

1. நெல் விற்பவருக்கும் கொழுந்து விற்பவருக்கும் உள்ள வேறுபாடு யாது? அதனால் அரசாங்கத்தின் கடமை எவ்வாறு வேறுபடும்?
2. தேறிய விலை 1,200 ரூபாவாயின், மேற்காட்டிய முறைப்படி ஒரு கிலோ கொழுந்தின் விலை என்ன?
3. மீள்நடுகை மானியம் நிலமற்ற குடும்பத்தையும் சென்றடைய எத்தகைய ஏற்பாடு வேண்டும்?
4. உங்கள் தோட்டத்தில் தராசடியில் வெட்டப்படும் நிறை நூற்றுக்கு எத்தனை? அதற்குக் கூறப்படும் காரணம் யாது?