சாரலிலும் பற்றுமா லைட்டர்?

கேள்வி: போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். அடுப்பு மூட்ட வைத்திருக்கும் தீப்பெட்டி சாரலில் நமுத்துப்போகிறது. திரும்ப நிரப்பக்கூடிய லைட்டரில் எது நல்லது?
– வாசகர், பொட்டிபுரம்

பதில்: கல்லும் சக்கரமும் கொண்ட கேஸ் லைட்டரே உங்களுக்கு ஏற்றது. 1932-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜிப்போ வகை பெட்ரோல் லைட்டர் காற்றுக்கு அசைந்து கொடுக்காது. ஆனால் பயன்படுத்தாவிட்டாலும் எரிபொருள் ஆவியாகிவிடும். கேஸ் மாதக்கணக்கில் நிற்கும். பொத்தானை அழுத்தும் வகை ஈரத்தில் சில நேரம் பொறி தராது. சக்கரம் நனைந்தாலும் துடைத்து உருட்டினால் பற்றும்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: அடியில் நிரப்பும் வால்வு, கல் மாற்றும் வசதி, கேஸ் அளவு தெரியும் கண்ணாடி போன்ற உடல். பியூட்டேன் பூஜ்ய டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாகத் திணறும். அதனால் மார்கழிப் பனியில் லைட்டரைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். தலைகீழாகப் பிடித்து நிரப்பி, சில நிமிடம் கழித்தே பற்றவையுங்கள். வெயிலில் ஜீப்புக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களின் உயிரைக் குடித்ததை நாம் மறக்க முடியாது. கோடையில் காட்டுப் பாதையில் எந்த நெருப்பும் வேண்டாம். லைட்டர் தோட்டத்து அடுப்புக்கு மட்டுமே இருக்கட்டும்.