ஓயாத கவலைக்கும் வைத்தியம் உண்டு



கவலை இல்லாத லயம் கிடையாது. இன்று முழுப்பேர் விழுமா, அரைப்பேர்தானா? பிடித்தம் போகச் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? கொழும்புக் கடையில் நிற்கும் மகன் சாப்பிட்டானா? இப்படி நினைப்பது நோயல்ல. சம்பளம் போதாது என்ற கவலைக்கு மருந்து கூடுதல் சம்பளம்தான். அதை நாம் மறைக்கவில்லை.

ஆனால் சிலருக்குப் பிரச்சினை தீர்ந்தாலும் கவலை தீருவதில்லை. ஒன்று போனால் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில் அடக்க முடியாத கவலை இருந்தால் வைத்தியர்கள் அதைப் பதகளிப்பு நோய் என்கிறார்கள். இது பைத்தியம் அல்ல. சுகப்படுத்தக்கூடியது.

அடையாளங்கள்

தூக்கம் வராது. தோளும் கழுத்தும் இறுகி வலிக்கும். நெஞ்சு படபடக்கும், வயிறு கலங்கும், சும்மா இருந்தாலும் களைப்பாக இருக்கும். சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகள்மேல் எரிந்து விழத் தோன்றும். பலர் தலைவலி என்று டிஸ்பென்சரிக்கு வந்து, இரண்டு பனடோலோடு திரும்பிப் போகிறார்கள். மனசில் இருப்பதையும் சொல்லுங்கள். இரத்தக் குறைவும் தைராய்டுக் கோளாறும் இதே மாதிரிக் காட்டும். ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை நல்லது.

கவலை ஏன் விடுவதில்லை?

"நான் கவலைப்படாட்டி ஏதாவது ஆயிரும்" என்று மனசு நம்புகிறது. மகன் போன் எடுக்கவில்லை என்று இரவு முழுக்க விழித்திருக்கிறோம். காலையில் அவன் சுகமாகப் பேசுகிறான். உடனே மனசு, "நான் விழித்திருந்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை" என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. இந்தப் பொய்க்கணக்கைத் திருத்துவதுதான் சிகிச்சை. அமெரிக்காவில் ஆரோன் பெக் என்ற மனநல வைத்தியர் 1960களில் இந்த வகைச் சிகிச்சைக்கு வழி காட்டினார்.

வீட்டில் செய்யக்கூடிய மூன்று பாடங்கள்

1. கவலைக்கு நேரம் ஒதுக்குதல். அமெரிக்க ஆய்வாளர் தோமஸ் போர்கோவெக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் 1983இல் வெளியிட்ட முறை இது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். மாலை ஐந்தரை என்று வைப்போம். படுக்கையில் வேண்டாம். மலையில் நிற்கும்போது கவலை வந்தால், "ஐந்தரைக்கு வா, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, கையில் இருக்கும் கொழுந்தைக் கவனியுங்கள். அது பத்துத் தடவை திரும்பி வரும். பத்துத் தடவையும் அதையே சொல்லுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் கொப்பியில் குறித்து வைக்கலாம்.

2. இரண்டாகப் பிரித்தல். கவலை நேரத்தில் கேளுங்கள்: இதற்கு இன்றைக்கு நான் செய்யக்கூடியது ஏதும் உண்டா? உண்டென்றால் அதைச் செய்வதுதான் மருந்து. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்ததை நாம் மறக்கவில்லை. நிலத்தில் வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று ஊறுகிற கலங்கல் நீர் ஆகியவற்றைக் கண்டால் ஐந்தரை வரை காத்திருக்கக் கூடாது. உடனே பிள்ளைகளோடு வெளியேறுங்கள். பிறகு 117க்கும் தோட்டக் காரியாலயத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். "ஒருவேளை அப்படி ஆனால்... ஒருவேளை இப்படி ஆனால்..." என்று மட்டும் வருவது இரண்டாவது வகை. அதை நேரம் முடிந்ததும் அங்கேயே விட்டு எழும்புங்கள்.

3. சோதித்துப் பார்த்தல். பயந்தது என்ன, நடந்தது என்ன என்று இரண்டையும் குறியுங்கள். மகனுக்கு நாளுக்கு எட்டுத் தடவை போன் எடுப்பவர் நான்காகக் குறைத்து, பிறகு ஒன்றாக்கிப் பார்க்கட்டும். முதல் சில நாள் கஷ்டமாக இருக்கும். போகப் போக, பயந்ததில் எத்தனை நடந்தது என்று குறிப்பே காட்டிவிடும்.

இன்னும் சில விஷயங்கள்

பொழுது சாய்ந்த பிறகு சாயம் கூடிய தேத்தண்ணீரைக் குறையுங்கள். தேயிலையில் உள்ள கஃபீன் தூக்கத்தைக் கெடுக்கும். சாராயம் அன்றிரவு மறக்க வைத்தாலும் அடுத்த நாள் படபடப்பைக் கூட்டும். வைத்தியர் மருந்து தந்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நீங்களாக நிறுத்த வேண்டாம். பக்கத்து வீட்டாரின் தூக்க மாத்திரையை வாங்கிக் குடிக்கவே கூடாது. கோயிலில் நூல் கட்டுவது உங்கள் நம்பிக்கை. அதோடு கிளினிக்குக்கும் வாருங்கள்.

கேட்பதற்கு ஒரு காது

ஆபிரிக்காவில் சிம்பாப்வே நாட்டு மக்கள் இந்த வருத்தத்தை "அளவுக்கு மீறி யோசிப்பது" என்றே தங்கள் மொழியில் சொல்கிறார்கள். அங்கே டிக்சன் சிபண்டா என்ற மனநல வைத்தியர் 2006இல் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் வாங்கு போட்டு உட்காரவைத்தார். அவர்கள் கேட்பார்கள், ஒரு பிரச்சினையைத் தெரிந்தெடுத்து, வழி தேட உதவுவார்கள். வந்தவர்களுக்கு நல்ல சுகம் கிடைத்ததாக 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நம் லயங்களிலும் பாட்டிமாருக்குக் குறைவில்லை. யாராவது மனசு விட்டுப் பேசினால், "இதெல்லாம் ஒரு கவலையா" என்று வெட்டாமல் கேட்போம்.

எங்கே போவது?

தோட்ட வைத்திய உதவியாளரிடமோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ சொல்லலாம். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் மனநலக் கிளினிக் பற்றிக் கேட்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

"வாழ்ந்து என்ன பிரயோசனம்" என்று யாராவது சொன்னால், அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் புல் மருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள்.

இந்தக் கிழமையே முதல் பாடத்தைத் தொடங்குங்கள். இரண்டு கிழமை விடாமல் செய்து பாருங்கள். அதன் பிறகும் தூக்கம் வராவிட்டால், நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள். கிளினிக்குக்குப் போகும் வழியைச் சேர்ந்து பார்ப்போம்.