ஹால்சாண்ட்ஸ்: கடல் கொண்ட ஊரா?

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் கடற்கரையில் ஸ்டார்ட் முனைக்கு அருகே இருந்த மீனவர் குடியிருப்பு ஹால்சாண்ட்ஸ். 1917 ஜனவரி 26 இரவுப் புயலில் கடல் அந்த ஊரை விழுங்கிவிட்டது என்பதுதான் பலரும் சொல்லும் கதை. புயல் அடித்தது உண்மை. ஆனால் ஊரின் அழிவு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

பிளிமத் அருகே டெவன்போர்ட் கடற்படைத் தளத்தை விரிவாக்கக் கான்கிரீட் தேவைப்பட்டது. அதற்காக, அரசு தந்த அனுமதியோடு 1897-இல் ஊருக்கு முன்னிருந்த கூழாங்கல்லை அள்ளத் தொடங்கினார்கள். அள்ளியது சுமார் 6,50,000 டன். வீடுகள் நின்றது மலைச்சரிவின் அடியிலிருந்த பாறைத் திட்டில். அவற்றுக்கும் அலைக்கும் நடுவே இருந்த ஒரே காவல் அந்தக் கூழாங்கல் கரைதான். நண்டு பிடிக்கும் படகுகளை ஏற்றி வைத்ததும் அங்கேதான். கரை ஆளுயரத்துக்கு மேல் தாழ்ந்தது. மீனவர்கள் போராடினார்கள்; 1902-இல் அனுமதி ரத்தானது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டுகளிலேயே வீடுகள் இடியத் தொடங்கின.

‘அள்ளினால் என்ன, கடலே திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடும்’ என்று அன்று அதிகாரிகள் நம்பினார்கள். இதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. ஸ்டார்ட் விரிகுடாவின் கூழாங்கற்களில் பெரும்பகுதி, பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது அலைகள் கரைக்கு ஒதுக்கித் தள்ளிய பழைய இருப்பு. புதிதாக வந்து சேர்வது மிகக் குறைவு.

1917 புயல் இரவில் பலர் மாண்டதாகவும் சொல்வதுண்டு. ஒருவர்கூட இறக்கவில்லை. உயர் ஓதமும் கிழக்குக் காற்றும் சேர்ந்து அடிக்க, மக்கள் மேட்டில் ஏறித் தப்பினார்கள். அந்த ஆண்டு முடிவில், குடியிருக்க ஒரே ஒரு வீடுதான் மிஞ்சியது. அதில் ஒரு மூதாட்டி 1964 வரை வாழ்ந்தார்.

1918-இல் பிளிமத்தைச் சேர்ந்த பொறியாளர் ஹான்ஸ்ஃபோர்ட் வொர்த், அழிவுக்குக் கூழாங்கல் அள்ளியதே காரணம் என்ற தம் முடிவை அரசு விசாரணைக்கு அளித்தார். விசாரணையின் அறிக்கை வெளியிடப்படவில்லை. மீனவர்களுக்கு இழப்பீடு கிடைக்கவே பல ஆண்டுகள் ஆயின. ஹால்சாண்ட்ஸை அழித்தது கடலல்ல. அனுமதிச் சீட்டில் இட்ட கையெழுத்து.