கொட்டிலை இடிக்கவா, கழற்றவா?



புது வீடு கிடைத்துப் போகிறவர்களும், ஓட்டோவை விற்றுவிட்டவர்களும், மாடு வளர்ப்பதைக் கைவிட்டவர்களும் எம்மிடம் வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பழைய கொட்டில இடிக்கணும், எவ்வளவு சல்லி போகும்?" கூடவே இன்னொரு சேதியும் சொல்வார்கள். "டவுன்ல இருந்து ஒருத்தர் வந்தாருங்க. காசே வேணாம், சாமான நாங்க எடுத்துக்கிறோம், இடிச்சுத் தாறோம்னு சொல்றாரு." கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. இப்படி வருகிறவருக்குத் தலையாட்டும் முன் கணக்குப் போட வேண்டும். அதைப் போடும் விதத்தைத்தான் இம்முறை பார்க்கப் போகிறோம்.

கொட்டில் ஏன் வந்தது என்று எவரும் எமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் தாத்தா முதல் பேரப்பிள்ளை வரை படுத்தெழுந்தால் விறகுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் இடம் ஏது? இஸ்தோப்பை அடைத்தோம். பின்பக்கம் இறக்கிக் கட்டினோம். பிறகு ஓட்டோ வந்தது; அதற்கும் பாதையோரமாகத் தகரம் போட்ட கராஜ் ஒன்று வந்தது. புசல்லாவை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, ரங்கல என்று கண்டியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் லயத்தை விடக் கொட்டில்களே அதிகமாகத் தெரிகின்றன.

முதலாவது விடயம் அனுமதி. தகரமும் பலகையும் நீங்கள் வாங்கியவையாக இருக்கலாம். நிற்கிற மண் அப்படியல்ல. கண்டிப் பக்கத்தில் சில தோட்டங்களை ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நேரடியாகவே நடத்துகின்றன. மற்றவற்றின் நிர்வாகம் 1992 இல் கம்பனிகளின் கைக்குப் போனது. எதுவானாலும் ஒரு வரி எழுதித் துரையிடமோ வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்திடமோ கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்திலேயே "கூரைச் சாமான்களும் மரங்களும் எமது செலவில் வாங்கியவை, அவற்றைப் புது வீட்டுக்கு எடுத்துச் செல்கிறோம்" என்றும் எழுதிவிடுங்கள். பிறகு வாசலில் லொறியை மறித்து, யாருடைய சாமான் என்று கேட்டு நிற்கும் நிலை வராது.

இதே கதைக்கு மறுபக்கமும் உண்டு. நீங்கள் இருக்கும்போதே உங்கள் கூரையை இன்னொருவர் வந்து பிரிப்பது வேறு சங்கதி. 2023 ஆகஸ்ட் மாதம் மாத்தளை மாவட்டத்தில், எல்கடுவ ரத்வத்தை தோட்டத்தில், ஒரு குடும்பம் இருந்த தற்காலிக வீட்டை நிர்வாகத்தைச் சேர்ந்தவர் இடித்துப்போட்ட காட்சியை நாடே பார்த்தது. அப்போது அமைச்சராக இருந்த ஜீவன் தொண்டமான் நேரில் போனார். "கொட்டில்தானே" என்று ஒருவர் சொல்லும் இடத்தில் இன்னொருவர் குடியிருக்கிறார். எழுத்தில் ஒரு துண்டுக் கடதாசி இருப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

இனிக் கணக்குக்கு வருவோம். ரூபாயில் நாம் சொல்லப் போவதில்லை. இந்த மாதம் சொன்ன கூலி அடுத்த மாதம் இருப்பதில்லை. ஆள்நாள் கணக்கில் சொல்கிறோம். உங்கள் ஊர்க் கூலியால் பெருக்கிப் பாருங்கள்.

இருபதடி நீளம், பத்தடி அகலம், முன்பக்கம் திறந்த ஓர் ஓட்டோ கராஜ் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பக்கமும் ஏழடி உயரத்துக்கு நாலங்குலச் சீமெந்துக் கல். சுவரின் மொத்த நீளம் 50 அடி, பரப்பு 350 சதுர அடி. நாலங்குலத் தடிப்பில் அது ஏறக்குறைய 117 கன அடி. கீழே மூன்றங்குலத் தரை என்றால் இன்னும் 50 கன அடி. ஆக 167 கன அடி, அதாவது ஒன்றேமுக்கால் கியூபுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் உடைத்த கல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்காது, பொங்கிக் கிடக்கும். ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும் என்று வைத்தால் இரண்டரைக் கியூப். ஒரு கியூப் ஏற்றும் வண்டிக்கு மூன்று நடை. எடை? ஒன்பது தொன் அளவில் வரும்.

ஒன்பது தொன் என்றால் எமது பெண்களுக்கு உடனே விளங்கும். கொழுந்து நிறுத்துப் பழகியவர்கள் அல்லவா! 25 கிலோ வீதம் சுமந்தால் 360 சுமை. லயத்துப் படிக்கட்டில் ஏறி மேல் பாதை வரை கொண்டு போக வேண்டுமானால், ஒருவர் நாளைக்கு நாற்பது தடவை ஏறி இறங்கினாலும் ஒன்பது ஆள்நாள். கூரையைக் கழற்ற இரண்டு பேருக்கு ஒரு நாள், சுவரை இறக்க இரண்டு பேருக்கு இரண்டு நாள், தரையை உடைக்க இன்னும் இரண்டு நாள் என்று பிடித்தால் பத்து ஆள்நாள். ஆக மொத்தம் பத்தொன்பது. பார்த்தீர்களா, பாதிச் செலவு இடிப்பதில் இல்லை, இடித்ததைச் சுமப்பதில் இருக்கிறது.

அப்படியானால் தரையை ஏன் உடைக்க வேண்டும்? மண் சமமாக, ஆபத்தில்லாத இடமாக இருந்தால் சீமெந்துத் தரையை அப்படியே விட்டுவிடலாம் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். மிளகாய் காயப்போடலாம், பிள்ளைகள் விளையாடும். அதில் மட்டும் உடைக்கும் கூலி நாலு ஆள்நாளும், சுமை கூலி மூன்று ஆள்நாள் அளவும் மிச்சம். மீதிக் கல்லையும் தூரப் போட வேண்டியதில்லை. புது வீட்டுக் குசினித் தரைக்கு அடியில் இட்டு நிரப்பவும், மழைக்கு வழுக்கும் நடைபாதையில் படி போடவும் அது முதல்தரம். கானுக்குள் மட்டும் தள்ளாதீர்கள். அடைபட்ட கானில் நுளம்பும் வளரும், அதைவிடப் பெரிய ஆபத்தும் வளரும்; அதைப் பின்னால் சொல்கிறோம்.

"காசு வேண்டாம்" என்று வந்தவரின் கணக்கை இப்போது பாருங்கள். அவர் கூரைத் தகரத்தையும் வளையையும் ரீப்பையையும் கதவையும் எடுத்துக்கொள்வார். கல்லும் தரையும் உங்களுக்கே! அவர் கொண்டு போவது ஒரு நாள் வேலையில் கழற்றக்கூடியது, விலைபோகக் கூடியது. விட்டுப் போவது ஒன்பது தொன். ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கிடைத்தவருக்கு விறகு வைக்க ஒரு சாய்ப்பு வேண்டுமா இல்லையா? அதற்குக் கடையில் புதுத் தகரம் விலை கேட்டுவிட்டு வந்து, பிறகு அவரிடம் பேசுங்கள்.

எனவே அலவாங்கால் அடித்துச் சாய்ப்பதை விட, கட்டியது எப்படியோ அதன் தலைகீழ் வரிசையில் கழற்றுவதுதான் லாபம். லைட் இழுத்திருந்தால் முதலில் வயரைத் துண்டிக்க வேண்டும்; தெரிந்தவரைக் கொண்டுதான். பிறகு கதவு, ஜன்னல். பிறகு கூரை, அதன் பின் மரம், கடைசியில் சுவர். சுவரை மேலிருந்து வரிவரியாக இறக்குங்கள். அடியில் தோண்டித் தள்ளிவிடும் வித்தை வேண்டவே வேண்டாம். பிடுங்கிய ஆணிகளை ஒரு பேணியில் போட்டு வையுங்கள். செருப்பில்லாத கால்கள் எமது லயத்தில் நிறைய.

கூரை அஸ்பெஸ்டஸ் சீட்டாக இருந்தால் இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்தும் காட்டுங்கள். நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1987 இல் தடை செய்யப்பட்டது. எமது கூரைகளில் இருப்பது வெள்ளை வகை. அது நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சீட் முழுசாகக் கிடக்கும்வரை தூசு குறைவு. உடைத்தால், அறுத்தால், துளைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். சுவாசப்பைக்குள் போனது வெளியே வராது. இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் நோய் தெரியும். அப்போது கொட்டில் இடித்த நாளை யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது?

ஆகவே தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, ஆணியையும் கொக்கியையும் தளர்த்தி, சீட்டை முழுசாக இறக்குங்கள். மேலிருந்து எறிய வேண்டாம். முகமூடி போடுங்கள். துணியைச் சுற்றிக்கொண்டால் போதாது. பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் அன்று அந்தப் பக்கம் வரக்கூடாது. வேலை உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்து அலசாதீர்கள். உடைந்த துண்டுகளை ஈரமாகவே தடித்த பொலித்தீன் பையில் கட்டி, எங்கே போடுவதென்று பிரதேச சபையிடம் கேளுங்கள். பாதைக்குப் போடும் கல்லோடு கலக்கவே கூடாது. இன்னொன்று, பழைய சீட்டின் மேல் கால் வைத்தால் மளுக்கென்று உடையும். குறுக்கே பலகை போட்டுப் பலகையில் நில்லுங்கள்.

தனியாக நிற்கும் கொட்டில் ஒரு தலைவலி என்றால், லயத்தோடு ஒட்டியது இரண்டு. அதன் வளை லயத்துச் சுவருக்குள் செருகி இருக்கும். அசைத்து இழுத்தால் பக்கத்துக் காம்பராவின் சுவரும் சேர்ந்து அசையும். கூரையும் ஒரே கூரை. நீங்கள் புது வீட்டுக்குப் போய்விட்டீர்கள், பக்கத்தில் ஆச்சியும் பேத்தியும் இன்னும் இருக்கிறார்கள் என்றால், உங்கள் தகரத்தைக் கழற்றிய அன்றிரவே அவர்கள் வீட்டுக்குள் மழை. அத்தகைய இடத்தில் வளையைச் சுவரோடு அறுத்து விட்டுவிட வேண்டும், பிடுங்கக் கூடாது. கூரை முடிவைத் தொடுவதானால் பக்கத்து வீட்டாரோடு பேசித்தான்.

இனி மலை. பின்பக்க மண்ணை வெட்டிச் சமப்படுத்தித்தான் நாம் அநேகமாகக் கொட்டில் போட்டிருக்கிறோம். வெட்டிய மண்ணைத் தாங்கிக்கொண்டு நிற்பது சில வேளை அந்தக் கொட்டிலின் பின்சுவர்தான். அதை இறக்கினால் மண்ணும் இறங்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் கண்டி மாவட்டம் பட்ட பாட்டை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. சுவருக்குப் பின்னால் மண் இருந்தால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள், அதன் நீர் வடியும் துவாரங்களையும் மேலே உள்ள கானையும் சுத்தம் செய்யுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கிளம்பிய கலங்கல் ஊற்று, திடீரென்று இறுகிய கதவு இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வேலையை நிறுத்தி, கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் ஆபத்தென்று குறித்த இடத்தில் விட்டு வந்த தகரத்தை எடுக்க மட்டும் திரும்பிப் போகாதீர்கள்.

மாதமும் பார்க்க வேண்டும். கண்டியைச் சுற்றி தை முதல் பங்குனி வரை மழை குறைவு. நாவலப்பிட்டிப் பக்கம் வைகாசிக்குப் பின் வேலையைத் தொடக்கூடாது. ரங்கலப் பக்கத்தில் தை பிறந்தும் மழை விடாது, மாசி கடைசி வரை பொறுக்க வேண்டும்.

கண்டி டவுனுக்குப் போய், கட்டுகஸ்தோட்டை, பேராதனை வீடுகளில் பழைய கராஜ் இடிக்கும் வேலையை எமது இளைஞர்கள் கொந்தராத்தாக எடுக்கிறார்கள். தம்பிமாரே, நகரத்துக்குள் என்றால் மாநகர சபையில் அனுமதி எடுத்தாயிற்றா என்று வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள். கண்டி 1988 முதல் உலக மரபுரிமை நகரம். பழைய கட்டடம் ஒன்றைத் தொட்டுவிட்டால் வீட்டுக்காரர் கையை விரித்துவிடுவார், அகப்படுவது கையில் அலவாங்கோடு நிற்பவர். விபத்துக்கு நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் யார் உங்களை வேலைக்கு வைத்தார் என்று காட்ட வேண்டுமே! கொப்பித் தாளில் என்றாலும் பரவாயில்லை, எழுதி வாங்குங்கள்: வேலை செய்விப்பவரின் பெயர், தொடங்கும் திகதி, எந்தச் சுவர் வரை, கல்லை யார் ஏற்றுவது, கூரைச் சாமான் யாருக்கு, முற்பணம் எவ்வளவு.