கார் பல்புகளை எல்.இ.டி.க்கு மாற்றப் போகிறீர்களா?

சென்னை ஜி.பி. ரோட்டில் எந்த ஆக்சஸரீஸ் கடைக்குள் நுழைந்தாலும் அலமாரி முழுக்க எல்.இ.டி. பெட்டிகள்தான். “மொத்தமா எல்.இ.டி. போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு, காரை விட்டுப் போகிறவர்களும் அங்கே நிறைய. காரில் இருக்கும் எல்லா பல்புக்கும் ஒரே வேலை என்று நினைப்பதால்தான் இப்படிச் சொல்ல முடிகிறது.

என்னிடம் ஒரு பழைய வேகன் ஆர் இருக்கிறது. அதன் விளக்குகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் எல்.இ.டி. நிலைத்துவிட்டது. ஹெட்லைட்டில் மட்டும் ஹாலஜன்தான் இன்றும் எரிகிறது. ஒரு பல்பு யாருக்காக எரிகிறது என்று கேட்டுவிட்டுத்தான் அதில் கை வைக்க வேண்டும் என்பதே இதில் நான் கற்றுக்கொண்டது. வண்டிக்குள் நமக்காக எரிவது ஒரு வகை. பின்னால் வருகிறவருக்குச் செய்தி சொல்வது இன்னொரு வகை. சாலையில் ஒளியை அளந்து வீசுவது மூன்றாவது வகை. மூன்றுக்கும் விதி வேறு.

உள்விளக்கில் தொடங்குங்கள்

முதலில் மாற்ற வேண்டியது கூரையில் இருக்கும் உள்விளக்கு. பெரும்பாலான கார்களில் அது இரண்டு முனையிலும் உலோக மூடி வைத்த குழல் பல்பு. 31, 36, 39, 41 மில்லிமீட்டர் என்று பல நீளங்களில் வருகிறது. பழைய பல்பைக் கழற்றி ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நீளம் கொஞ்சம் குறைந்தாலும் கிளிப்பில் இறுகாமல், குழியில் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் அணைந்து அணைந்து எரியும்.

இங்கே எல்.இ.டி.யால் கிடைக்கும் லாபம் உண்மையானது. 10 வாட் உள்விளக்கை அணைக்க மறந்து இரவெல்லாம் விட்டால், காலைக்குள் பேட்டரியிலிருந்து 8 ஆம்பியர்-அவர் போயிருக்கும். சின்னக் கார்களின் பேட்டரியே 35 ஆம்பியர்-அவர்தான். கொஞ்சம் வயதான பேட்டரி என்றால் காலையில் செல்ஃப் எடுக்காது. எல்.இ.டி. இழுப்பது அதில் பத்தில் ஒரு பங்குதான். பிளாஸ்டிக் மூடி சூட்டில் பழுப்பதும் நின்றுவிடும்.

நம்பர் பிளேட் விளக்கையும் முன்பக்க பார்க் லைட்டையும் அடுத்து மாற்றலாம். இரண்டும் பெரும்பாலும் 5 வாட் கண்ணாடி அடி பல்புகள். எல்.இ.டி.க்கு நேர்முனை, எதிர்முனை உண்டு. செருகியதும் எரியவில்லை என்றால் பல்பு போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள், திருப்பிச் செருகுங்கள். எல்லாவற்றையும் எரியவிட்டுப் பார்த்த பிறகே மூடியை மாட்டுங்கள். நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை தவிர வேறு நிறம் வேண்டாம். 15 மீட்டர் தூரத்திலிருந்து எண்ணைப் படிக்க முடிய வேண்டும் என்பது விதி. நீலமோ ஊதாவோ போட்டால் எண் மங்கிவிடும்.

புதிய கார்களில் ஒரு சிக்கல் வரும். பல்பு எரிகிறதா என்று காரின் கம்ப்யூட்டர் மின்னோட்டத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. எல்.இ.டி. மிகக் குறைவாக இழுப்பதால், பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை காட்டும். அதற்கென்றே உள்ளே ரெசிஸ்டர் வைத்த ‘கேன்பஸ்’ எல்.இ.டி.கள் வருகின்றன. அவை மற்றவற்றைவிடச் சூடாகும். விலை குறைந்ததை வாங்காதீர்கள்.

இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும்

21 வாட் இண்டிகேட்டர் பல்பைக் கழற்றி எல்.இ.டி. போட்டதும் இண்டிகேட்டர் படபடவென்று இரண்டு மடங்கு வேகத்தில் அடிக்கும். மின்னோட்டம் குறைந்ததால் ஒரு பல்பு போய்விட்டதாக ஃபிளாஷர் ரிலே நினைத்துக்கொள்வதுதான் காரணம். இதற்குக் கடையில் வயரோடு சேர்த்து ஒரு தங்க நிற ரெசிஸ்டரைக் கட்டிவிடுவார்கள். வழக்கமாக அது 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர். 12 வோல்ட்டில் அது 24 வாட்டை வெறும் சூடாக வெளியேற்றும். ஹசார்டு போட்டுக் கொஞ்ச நேரம் நின்றால் அதைத் தொட முடியாது. பம்பர் பிளாஸ்டிக்கிலோ வயர் கட்டிலோ ஒட்டிவைத்தால் உருக்கிவிடும். பாடியின் உலோகத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்க வேண்டும். ரிலே தனியாகக் கழலும் வண்டி என்றால் ரெசிஸ்டரே வேண்டாம், எல்.இ.டி.க்கான ஃபிளாஷர் ரிலேயை மாற்றிக்கொள்வதே சுத்தமான வழி.

பிரேக் லைட்டில் எல்.இ.டி.க்கு ஒரு நல்ல குணம் உண்டு. பழைய பல்பின் இழை சூடாகி முழு ஒளிக்கு வர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். எல்.இ.டி. மிதித்த கணமே எரிகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறவருக்கு அது ஐந்து மீட்டருக்கு மேல் கூடுதல் தூரம்.

ஆனால், வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி.தான் வேண்டும். வெள்ளை எல்.இ.டி. என்பது நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அதில் சிவப்பு குறைவு என்பதால், கண்ணாடி வழியே வரும்போது வெளிறித் தெரியும். இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்பில் இருக்கும் கார்களில், அசல் பல்பு 21 வாட்டும் 5 வாட்டுமாக இரண்டு இழை கொண்டது. மட்டமான எல்.இ.டி.யில் இந்த இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. இரவில் வீட்டில் யாரையாவது பிரேக்கை மிதித்து மிதித்து விடச் சொல்லி, தெரு முனையில் நின்று பாருங்கள். மிதித்ததும் விட்டதும் தெளிவாகத் தெரியாவிட்டால் அன்றைக்கே பழைய பல்பை மாட்டிவிடுங்கள்.

ஹெட்லைட் வேறு கதை

நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் இருப்பது ஹெச்-4 பல்பு, 60/55 வாட். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடிக் குழலுக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு இழைகள் இருக்கும். முனைப் பக்கம் இருக்கும் இழை டிம்முக்கு. அதற்கு அடியில் குழிந்த ஒரு சின்னத் தகடு இருக்கும். அந்தத் தகடுதான் ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் விழாமல் தடுக்கிறது. மேல்பாதியில் பட்ட ஒளி மட்டும் கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. சுவருக்கு எதிரே காரை நிறுத்தினால் இதைக் கண்ணால் காணலாம். ஒரு கோடு, அதற்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. இடது பக்கம் மட்டும் கோடு சற்று ஏறியிருக்கும். சாலையோரம் நடப்பவரையும் சைக்கிளையும் காட்டுவதற்கான ஏற்பாடு அது. எதிரே வருகிறவரின் கண் இருட்டுப் பக்கம் இருக்கும்.

இந்த ரிஃப்ளெக்டர் அந்த இழைகள் இருக்கும் இடத்துக்கென்றே வளைத்துச் செய்தது. எல்.இ.டி. பல்பில் இழை கிடையாது. ஒரு பலகையின் இரு புறமும் சில்லுகளை ஒட்டியிருப்பார்கள். பலகை தடித்தாலோ சில்லு முன்பின் தள்ளியிருந்தாலோ, பூதக்கண்ணாடியைச் சற்று நகர்த்தியதும் வெயில் புள்ளி கலைந்துபோவது மாதிரி, ஒளி முழுக்கச் சிதறிவிடும். வாட்ஸைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

நான் வாங்கிய ஒரு ஜோடியைப் போட்டுவிட்டு, நண்பரிடம் என் காரைக் கொடுத்து எதிரே வரச் சொன்னேன். நான் அவருடைய காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். டிம்மில்தான் வந்தார். என்னால் சாலையின் வெள்ளைக் கோட்டைக்கூடப் பார்க்க முடியவில்லை. ஓட்டிவந்த அவரோ, “பகல் மாதிரி இருக்குப்பா” என்றார். அந்தப் பகல் காருக்கு முன்னே கொஞ்ச தூரம்தான். கிட்டே அதிக வெளிச்சம் கொட்டினால் கண்மணி சுருங்கி, தூரம் இன்னும் இருண்டுவிடும். விழுப்புரம் தாண்டி ராத்திரியில் ஓட்டுகிறவருக்குத் தேவை தூரத்துப் பார்வைதான். பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டரும், சாலையில் படுத்திருக்கும் மாடும் அந்தத் தூரத்தில்தான் இருக்கின்றன.

பெட்டியில் போட்டிருக்கும் லூமன் கணக்கை நம்பாதீர்கள். ஹெச்-4 ஹாலஜன் டிம்மில் சுமார் 1,000 லூமன், பிரைட்டில் சுமார் 1,650 லூமன் தருகிறது. 30 வாட் எல்.இ.டி. 20,000 லூமன் தரும் என்று அச்சடித்திருந்தால் அது இயற்பியலுக்கே பொருந்தாது. நிறத்தையும் கவனியுங்கள். ஹாலஜன் சுமார் 3,200 கெல்வின், கடையில் அதிகம் விற்பது 6,000 முதல் 6,500 கெல்வின். மழையில் நனைந்த தார்ச் சாலையில் அந்த நீலம் கலந்த வெள்ளையில் என் கண்ணுக்குச் சாலையே தெரியவில்லை. வேண்டுமென்றால் 4,300 கெல்வினுக்கு அருகில் கேட்டு வாங்குங்கள்.

பல்புக்கு முன்னால் வயர்

புதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். ஹெட்லைட் மங்கல் என்று போய் நின்றதும் அவர் பல்பைப் பார்க்கவே இல்லை. மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சின் ஓட பேட்டரியில் வைத்தார். 14 வோல்ட்டைத் தொட்டது. பல்பு எரிய எரிய ஹோல்டரின் பின்பக்கம் முனையைச் செருகினார். 12 சொச்சம்தான். “சார், மீதி எல்லாம் ஸ்விட்ச்சுலயும் வயர்லயும் சூடாப் போவுது. பல்பு என்ன பண்ணும்?” என்றார்.

ஹாலஜனில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். அவர் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, நடுவே ஃபியூஸும் ரிலேயும் வைத்தார். எர்த் வயரைச் சுரண்டிப் புதிதாக முடுக்கினார். மஞ்சளித்திருந்த ஹெட்லைட் முகத்தைத் தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் செய்து, வெயில் தாங்கும் பூச்சு அடித்தார். நல்ல கம்பெனியின் 60/55 வாட் பல்புகளை ஜோடியாக மாட்டினார். கண்ணாடியில் விரல் படாமல் துணியில் பிடித்து மாட்டினார். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அதிகம் சூடாகி பல்பின் ஆயுள் குறையும். அன்று இரவிலிருந்து அந்த வண்டியில் வெளிச்சம் போதவில்லை என்று எனக்குத் தோன்றியதில்லை. எதிரே வருகிறவர் யாரும் டிம் அடித்துக் கேட்பதும் இல்லை.

வாரண்டியில் இருக்கும் புதுக் காரில் இப்படி வயர் இழுக்காதீர்கள். ரிலே போட்டாயிற்று என்று 100/90 வாட் பல்பும் போடாதீர்கள். ஹோல்டர் கருகும்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் மாற்றி எழுதிய 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எதிரே இருப்பவரின் கண்ணைக் கூசவைக்காதபடி ஹெட்லைட் ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி. ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி. மாற்று பல்புகளுக்கு அனுமதி உண்டு. அதுவும் சோதித்துப் பட்டியலில் சேர்த்த கார் மாடல்களுக்கு மட்டும்தான். அதே பல்பை வேறு காரில் போட்டால் அங்கே குற்றம். பல்பையும் ஹெட்லைட்டையும் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஏற்கெனவே ஹெட்லைட்டில் எல்.இ.டி. போட்டுவிட்டீர்களா?

அப்படியென்றால் இன்றிரவே இவற்றைச் சோதியுங்கள்.

சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி டிம் போடுங்கள். விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே, தெளிவான கோடு விழ வேண்டும். கோடே இல்லாமல் ஒளி பரவினால் அந்த பல்பு உங்கள் ஹெட்லைட்டுக்கு ஒத்துவராது, கழற்றிவிடுங்கள்.

சில்லுகள் மேலும் கீழும் பார்த்திருக்கக் கூடாது, இடமும் வலமும் பார்த்திருக்க வேண்டும். பல்பின் வளையத்தைத் தளர்த்தித் திருப்பிக்கொள்ளலாம்.

பின்பக்கம் ரப்பர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். எல்.இ.டி.யின் சூடு பின்பக்கம்தான் வெளியேறுகிறது, அதனால் அங்கே ஃபேன் இருக்கும். அதற்காக மூடியை வெட்டிவிட்டால் ஐப்பசி மழையில் உள்ளே ஈரம் கோத்து ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு போய்விடும்.

எஃப்.எம். ரேடியோவை வைத்து ஹெட்லைட்டைப் போடுங்கள். இரைச்சல் வந்தால் பல்பின் டிரைவர் மட்டம்.

கடைசியாக, உங்கள் காரை வேறொருவர் ஓட்ட, எதிரே ஒரு சின்னக் காரிலோ பைக்கிலோ உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கண் கூசினால் அந்தச் சாலையில் வரும் எல்லோருடைய கண்ணும் கூசும். ஒற்றைத் தடச் சாலையில் எதிரே பைக்கில் குடும்பத்தோடு வருகிறவருக்கு, நம் விளக்கைத் தாண்டுகிற அந்தச் சில நொடிகள் குருட்டு ஓட்டம்தான். அவருடைய பாதுகாப்பும் நம் கையில்தான் இருக்கிறது.

அதனால் என் யோசனை இதுதான். உள்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு இரண்டையும் தயங்காமல் மாற்றுங்கள். பிரேக் லைட்டையும் இண்டிகேட்டரையும் சோதித்து மாற்றுங்கள். ஹெட்லைட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் வயருக்கும் ரிலேவுக்கும் கண்ணாடி பாலிஷுக்கும் செலவழியுங்கள்.